வழியிற் கூடினோர்

திருச்சிராப்பள்ளியினின்றும் மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு தெற்கே சென்றால் கொடும்பாளூர் என்னும் பழம்பதியை அடையலாம். அது புதுக்கோட்டை மாவட்டத்தைச் சார்ந்தது. இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் வீற்றிருந்து ஆண்ட தலைநகர் அது. அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவராகிய இடங்கழியார் அவ்வேளிர் குடியில் தோன்றியவர். பூதி விக்கிரமகேசரி என்னும் வேள் எடுப்பித்த மூவர் கோயிலுள் இரண்டு கோயில்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அக்கோயிலின் சிற்பங்களைக் கண்டு மகிழச் செல்வோர் பலர். ஆயினும், அவ்வூர் தமிழிலக்கியத்துள் இடம்பெற்றது கோயிலால் அன்று, வழியால். மூவர் கோயில் எழுவதற்கு முன்னரே, மூன்று வழிகள் பிரியும் இடமாக அதனைக் காட்டியவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரம் கொடும்பை என்று குறிப்பது இக்கொடும்பாளூரையே என்பர் ஆராய்ச்சியாளர்.

ஊர்கள் கூடும் இடத்தில் மாந்தரும் கூடுவர். உலகில் அஃது இயல்பாக நிகழ்கின்றது. கதையிலோ அஃது எளிதன்று. ஒருவனது வாழ்வை மட்டும் கூறுவது எவர்க்கும் இயலும். ஓரூரார் அல்லாத, ஒரு குடியினர் அல்லாத, ஒரு சமயத்தார் அல்லாத நால்வரை ஒரு வழியில் நடக்கச் செய்து, அவர்கள் கூடியது தக்கதே என்று கற்பவர் நெஞ்சம் ஒப்பும்படி செய்தல் அரிது. அவர்கள் ஏன் கூடினர் என்னும் வினாவிற்கு, ‘ஆசிரியர்க்கு வேண்டியிருந்தது; ஆகலின் கூடினர்’ என்பதன்றி வேறு விடை இல்லையாயின், அக்கதை அவ்விடத்திலேயே சாய்ந்துவிடும்.

இவ்விடரைப் புலவர் பலர் பலவாறு கடந்துள்ளனர். ஆங்கிலப் புலவர் சாசர் கான்டர்பரி என்னும் திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகர் முப்பதின்மர் அளவினரைச் சத்திரம் ஒன்றில் ஓரிரவு தங்கச் செய்கின்றார். சத்திரத்தலைவன் அவர்களைக் கதைப்போட்டி ஒன்றினால் இணைத்துவிடுகின்றான். இத்தாலி நாட்டுப் பொக்காச்சியோவோ, 1348ஆம் ஆண்டில் பிளாரன்சு நகரைப் பாழாக்கிய கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரை விட்டு அகலும் மகளிர் எழுவரையும் ஆடவர் மூவரையும் ஒரு மாளிகையிற் சேர்க்கின்றார். நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் இருக்கின்றான். வருவோரை எல்லாம் ‘நீவிர் யாவர்?’ என வினவி ஊர் அறியச் செய்துவிடுகின்றான். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் விளையாட்டில், சிலர் வட்டமாக அமர்ந்து ஆளுக்கொரு வீரனாகவோ மாயக்காரனாகவோ தம்மைப் புனைந்துகொண்டு கதை வளர்ப்பர். அவர்களுக்கும் முதல் இடர் இதுவே. அவர்கள் பெரும்பாலும் தேடுவது சாசர் தேடிய சத்திரத்தையே. கூரை ஒன்றின் கீழ் அமர்த்திவிட்டால் உறவு தானே தோன்றிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை போலும்.

இளங்கோவடிகள் சத்திரத்தை நாடவில்லை. அவர் நாடியது வழியை.

கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு வைகறை இருளில் புறப்படுகின்றனர். பெற்றோர் அறியார், ஏவலர் உடன் வாரார். மாதவிபால் பொருள் அனைத்தையும் இழந்தவன் கோவலன். கண்ணகியின் காற்சிலம்பே எஞ்சிய முதல். அதனை விற்று மதுரையில் வாணிகம் செய்யக் கருதினான். செல்வக் குடியிற் பிறந்து, வண்டியும் ஏவலரும் இன்றி ஒருநாளும் நடந்தறியாத இருவர் இவர். ஒரு காவதம் நடந்த அளவிலேயே கண்ணகி இளைத்து, மதுரை மூதூர் எங்குள்ளது என வினவுகின்றாள். இன்னும் 30 காதமே, அணித்துதான் என்று கோவலன் நகைக்கின்றான். அந்நகையினுள் எத்துணைத் துயரம் அடங்கியுள்ளது என்பதைக் கற்போர் உணர்வர். இவ்விருவரும் தனித்து மதுரை சேரார் என்பது அப்பொழுதே விளங்கிவிடுகின்றது. துணை வேண்டும். துணையின் தேவையை முதலில் உண்டாக்கி, அதன்பின் துணையைக் கொணர்கின்றார் அடிகள்.

அத்துணை கவுந்தியடிகள். காவிரியின் வடகரையில் ஒரு சோலையின்கண் நோற்றிருக்கும் சமண சமயத் தவமூதாட்டி அவர். இருவரையும் கண்டு, உருவும் குலமும் ஒழுக்கமும் உடைய நீவிர் இல்லம் விட்டு வரக் காரணம் யாது என வினவுகின்றார். அதற்கு உரைக்கத்தக்க விடை தன்னிடம் இல்லை என்றும், பொருளீட்டும் வேட்கையால் மதுரைக்குச் செல்வதாகவும் கோவலன் கூறுகின்றான். அடிகள் உடனே ‘வருகின்றேன்’ என்று எழுந்துவிடவில்லை. கண்ணகியின் மெல்லிய அடிகளைக் கண்டு, இவ்வழி இவளுக்கு ஏலாது எனத் தடுக்கவே முயல்கின்றார். தடுத்தும் அவர்கள் நில்லார் என்று கண்ட பின்னரே, மதுரையில் உள்ள பெரியோர்பால் அறம் கேட்கவும் அறிவனைத் தொழவும் தமக்கும் நெடுநாள் விருப்பம் உண்டு என்று கூறி, உறியையும் கடிஞையையும் மயிற்பீலியையும் எடுத்துக்கொண்டு உடன் புறப்படுகின்றார். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கோவலன் செல்வது பொருளுக்கு. கண்ணகி செல்வது கணவனுக்காக. கவுந்தியடிகள் செல்வது அறத்திற்கு. மூவர்க்கும் ஊர் ஒன்று, கருத்து வேறு. ஒருவர் மற்றவரின் நிழலாக வரவில்லை. வழியில் எவரேனும் ஒருவர் நின்றுவிட்டாலும் ஏனையோர்க்கு நடக்கக் காரணம் இருக்கின்றது. அதனாலேயே அவர்கள் ஒருங்கு நடப்பது பொருளுடைத்தாகின்றது.

கூடிய உறவு உடனே சோதனைக்கு உள்ளாகின்றது. காவிரியைக் கடந்து ஒரு சோலையில் அவர்கள் இருந்தபோது, நெறியற்ற ஒருத்தியும் ஒருவனும் அணுகி, அழகிய இவ்விருவரும் உமக்கு யாவர் என வினவுகின்றனர். என் மக்கள் என்று அடிகள் விடையிறுக்கின்றார். ஒரு தாய் மக்கள் கணவனும் மனைவியுமாக வாழ்வதுண்டோ என அவர்கள் எள்ளுகின்றனர். அடிகள் சினந்து அவ்விருவரையும் நரிகளாகும்படி சபிக்கின்றார். அந்நரிகளின் ஊளை கேட்டு நடுங்கிய கோவலனும் கண்ணகியும் அவர்களுக்காகவே இரந்து வேண்ட, சாபத்திற்கு 12 திங்கள் என்னும் எல்லை கிடைக்கின்றது. இந்நிகழ்ச்சியைத் தேவையற்ற இடைச்செய்தி என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. துறந்த ஒருவர் ‘என் மக்கள்’ என்று வாய்விட்டுக் கூறிய இடம் அது. துறவிக்கு அச்சொல் எத்துணைப் பெரிய சுமை என்பது கதையின் இறுதியில் விளங்கும்.

இனி, உறையூரில் தங்கி மறுநாள் தெற்கு நோக்கிச் சென்றவர், ஒரு சோலையில் மாங்காட்டு மறையோனைக் காண்கின்றனர். குடமலைப் பக்கத்து மாங்காட்டினன் அவன். திருவரங்கத்திலும் திருவேங்கடத்திலும் திருமாலைத் தொழ வந்தவன். பாண்டியனை வாயார வாழ்த்துபவன். கோவலன் அவனிடம் மதுரைக்கு வழி வினவுகின்றான். கொடும்பை என்னும் ஊரின் பெருங்குளத்தை அடைந்தால், ஆங்கு வழி சிவபெருமானின் சூலப்படை போல மூன்றாகக் கிளைக்கும் என்று மறையோன் கூறுகின்றான். வலப்பக்க வழி, வெயிலால் உலர்ந்த மரங்களையும் வேட்டுவர் குடியிருப்புகளையும் கடந்து, சிறுமலையை வலப்புறமாக விட்டுச் செல்வது. இடப்பக்க வழி திருமால் குன்றத்தை, அஃதாவது அழகர்மலையை அடைவிப்பது. இடைப்பட்ட வழி சோலைகளும் ஊர்களும் காடுகளும் விரவியது. எனினும் அவ்வழியில் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு. இக்காலத்தும் அவ்விரு மலைகளுக்கும் இடையே மதுரையை நோக்கித் தெற்கே செல்லும் மாணவன், அழகர்மலை தன் இடப்பக்கமும் சிறுமலை தன் வலப்பக்கமும் அமைந்திருக்கக் காண்பான். இளங்கோவடிகள் நிலத்தை நன்கு அறிந்தே பாடினார் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

கதையில் மாந்தரைக் கூட்டுவோர் அனைவரும் ஊன்றிக் கற்கத்தக்க நுட்பம் ஒன்று இவ்வழியுரைகளில் உளது. இக்காப்பியத்தில் வழியைப் பற்றி மூவர் பேசுகின்றனர். மூவரும் பேசுவது வழியையே. வெளிப்படுவதோ அவரவர் உள்ளம்.

கவுந்தியடிகள் முன்னர்க் காவிரிக் கரையில் வழியின் அருமையைக் கூறினார். கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடியிருக்கும். அவற்றை அறியாது நடப்பின் கால் இடறும் என்றார். வயல்வழிச் சென்றால், கரும்பில் வைத்த தேனடை சிதைந்து நீருடன் கலந்திருக்கும். வேட்கையால் கண்ணகி அதனை அறியாது பருகவும் கூடும் என்றார். வரப்பின்மேல் நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும் என்றார். தேனுண்ணலும் உயிர்க்கொலையும் சமணர் விலக்கியவை. சோழநாட்டின் வளமெல்லாம் அவர் கண்ணிற்கு, ஓருயிர்க்கும் தீங்கு நேராமல் கால் வைக்க இடம் எங்கே என்னும் கவலையாகவே தோன்றுகின்றது.

மறையோன் கூறும் வழியோ வேறு. இடப்பக்க வழியைச் சொல்லுங்கால் அவன் நா நிற்பதில்லை. திருமால் குன்றத்தில் ஒரு பிலம் உண்டு. அதில் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் உண்டு. முதலதில் மூழ்கின் ஐந்திரம் என்னும் இலக்கணநூல் அறிவு கிட்டும். இரண்டாவதில் மூழ்கின் பழம்பிறப்பு விளங்கும். மூன்றாவதில் மூழ்கின் எண்ணியவை எல்லாம் எய்தலாம் என்கின்றான். வழி கேட்ட கோவலனுக்கு வேண்டுவது நிழலும் நீரும். மறையோன் தருவது தான் நம்பும் பேறு. இதில் அவனைக் குறைகூற இடமில்லை. தன் கையில் உள்ள பொருளுள் சிறந்ததையே அவன் தருகின்றான். அதனை ஏற்காத கவுந்தியடிகள், ஐந்திரத்தை எம் ஆகமத்திலேயே காண்போம். பழம்பிறப்பை இப்பிறப்பே காட்டும். வாய்மையில் வழுவாது வாழ்வோர்க்கு எய்தாத பொருள் இல்லை என விடைகூறி, நீ தொழும் தெய்வத்தைத் தொழ நீ செல்க, எம் வழியில் யாம் செல்வோம் என அவனைப் போக்குகின்றார். வசையில்லை, இகழ்ச்சியில்லை, இணக்கமும் இல்லை. மறையோன் அதன்பின் கதையுள் வருவதில்லை. கூடுவோர் அனைவரும் உடன் நடக்க வேண்டும் என்பதில்லை என்பதையும் அடிகள் அறிந்திருந்தார்.

மூன்றாமவர் பாணர். மதுரையை நெருங்கும் இடத்தில் கோவலன் அவர்களோடு அமர்ந்து யாழை இசைத்து, பின்னர், ஊர் இன்னும் எத்துணைத் தொலைவு எனக் கேட்கின்றான். பாணர் காத எண்ணிக்கை கூறவில்லை. அகிலும் சாந்தும் அட்டிற்புகையும் மணக்க வருகின்ற மதுரைத் தென்றலைக் காட்டி, ஊர் அணித்து என்கின்றனர். இசைவாணர்க்குத் தொலைவும் மணமாகவே புலப்படுகின்றது போலும்! ஒரே வழி துறவிக்கு அறமாகவும், அந்தணனுக்குத் தீர்த்தமாகவும், பாணர்க்குத் தென்றலாகவும் தோன்றும்படி அமைத்தமையால், அவர்களைப் பற்றி ஆசிரியர் தனியே உரைக்க வேண்டிய தேவை எழவில்லை.

இடைவழியில் மறையோன் எச்சரித்தவாறே நிகழ்கின்றது. நீர் கொணரத் தனித்துச் சென்ற கோவலன்முன் கானுறை தெய்வம், மாதவியின் தோழியாகிய வயந்தமாலையின் உருவில் தோன்றி அழுகின்றது. கொற்றவையின் மந்திரத்தால் அவன் அதன் மாயத்தை உணர, கவுந்திக்கும் கண்ணகிக்கும் இதனைக் கூறற்க என வேண்டி அது மறைகின்றது. தாமரை இலையில் நீருடன் அவன் மீள்கின்றான். பின்னர் வேட்டுவரின் ஐயை கோட்டத்தில், தெய்வமேறிய சாலினி கண்ணகியைக் காட்டி அவளை ஒப்பற்ற மாமணி எனப் புகழ, கண்ணகி நாணிக் கணவனுக்குப் பின் ஒதுங்குகின்றாள். அதன்பின் கோசிகன் என்னும் அந்தணன் மாதவியின் ஓலையுடன் வந்து சேர்கின்றான். வாடிய மாதவிக் கொடியொன்றைப் பார்த்து, கோவலனைப் பிரிந்த மாதவியைப் போல நீயும் வாடினையோ என்று அவன் பேசியதே கோவலன் செவியில் விழுந்து, இருவரையும் அறிமுகப்படுத்துகின்றது. தற்செயல் என்பதைக் கதையாசிரியர் எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கு இதுவே எல்லை எனலாம். தேடி வந்தவன் தேடப்பட்டவனைக் காண்பது தற்செயல் ஆகாது. காணும் முறை மட்டுமே தற்செயல்.

தூதனைக் கொண்டு மாந்தரை இணைக்கும் இம்முறை பிற்காலத்தார்க்கும் கைகொடுத்துள்ளது. 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில், ஆதித்த கரிகாலனின் ஓலைகளைச் சுமந்து வரும் வந்தியத்தேவன் ஒருவனே எண்ணிறந்த மாந்தரை ஒரு நூலிற் கோத்துவிடுகின்றான். அக்கதையில் வரும் வானதி கொடும்பாளூர் வேளிர் குலத்துப் பெண் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மதுரையின் புறஞ்சேரியில் மேலும் இருவர் சேர்கின்றனர். குமரியில் நீராடி மீளும் மாடலன் என்னும் அந்தணன் ஒருவன். இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் ஆயர் முதுமகள் மாதரி மற்றொருத்தி. மாடலன் கோவலனது பழைய நற்செயல்களைக் கூறுகின்றான். கோவலன் தான் கண்ட தீக்கனவை அவனிடம் கூறுகின்றான். மாதரியின் நற்பண்பை அறிந்த கவுந்தியடிகள், கண்ணகியை அவள்பால் அடைக்கலமாகக் கொடுக்கின்றார்.

இதன்பின் நிகழ்ந்தது தமிழர் அனைவரும் அறிந்ததே. ஆயின், கூடியோர் நிலை என்னவாயிற்று என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. கோவலன் கொலையுண்டான்; கண்ணகியால் மதுரை எரியுண்டது. அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி நள்ளிரவில் தீயிற் பாய்ந்து உயிர் துறந்தாள். கவுந்தியடிகள் அச்செய்தி கேட்டு முதலிற் பாண்டியன்மீது சினந்தார். சினம் தணிந்தபோது அவருக்குத் தோன்றிய ஐயம், என்னுடன் வந்தமையால் அன்றோ இவர்க்கு இவ்வினை வந்து உருத்தது என்பது. உண்ணா நோன்பு மேற்கொண்டு உயிர் நீத்தார். ‘என் மக்கள்’ என்று சோலையில் அவர் கூறிய சொல்லை அவர் மறந்திலர்.

சாசரின் யாத்திரிகர்க்கு இத்தகைய இடர் இல்லை. அவர்கள் கதை கூறக் கூடினர். ஒருவர் கதைக்கு மற்றவர் உயிரால் விடைகூற வேண்டுவதில்லை. பொக்காச்சியோவின் பதின்மரும் நூறு கதைகள் கூறி முடித்து ஊர் திரும்பினர். சிலப்பதிகாரத்திலோ, வழியில் ஒருவரோடு ஒருவர் நடந்தமைக்கு ஒவ்வொருவரும் கணக்குக் காட்ட வேண்டியவராகின்றனர். மாடலனும் அதற்கு விலக்கல்லன். மதுரையில் நிகழ்ந்ததை அவன் சென்று கூற, அது கேட்டுப் புகாரில் கோவலன் தாயும் கண்ணகி தாயும் உயிர் விட்டனர். தந்தையர் இருவரும் துறந்தனர். மாதவியும் துறவு பூண்டாள். தன் வாய்மொழி கேட்டோர் இறந்தமையால், அத்தீவினை தீரக் கங்கையாடச் சென்றான் மாடலன். அக்கங்கைக் கரையில்தான் சேரன் செங்குட்டுவன், கண்ணகியின் சிலைக்குரிய கல்லுடன் பாசறை அமைத்திருந்தான். சேரனையும் மாடலனையும் இளங்கோவடிகள் அங்ஙனம் ஒருங்கு கூட்டுகின்றார். தென்னாட்டு அந்தணன் ஒருவன் வடநாட்டில் எங்ஙனம் வந்தான் என்று எவரும் வினவ இடமில்லாதவாறு, புகாரில் நேர்ந்த இறப்புகளே அவனை ஆங்குக் கொண்டு சேர்த்துவிட்டன.

இறுதியாக வஞ்சியில் ஒரு கூட்டம் கூடுகின்றது. கண்ணகிக்கு எடுத்த கோட்டத்தின்முன் மகளிர் சிலர் வந்து நிற்கின்றனர். புகாரில் கண்ணகிக்குத் தோழியாய் இருந்த தேவந்தி ஒருத்தி, கண்ணகியை வளர்த்த செவிலித்தாய் ஒருத்தி, அடித்தோழி ஒருத்தி. கண்ணகிக்கு நேர்ந்ததைக் கேட்டு மதுரைக்கு ஓடிவந்து, அங்கு அவளைக் காணாது, மலைநாடு வரை நடந்து வந்தவர் அவர். ஒவ்வொருவரும் செங்குட்டுவனிடம் தாம் கண்ணகிக்கு இன்ன முறையினர் என்று உரைக்கின்றனர். அவர்களோடு மதுரையிலிருந்து உடன் நடந்து வந்த இளம்பெண் ஒருத்தியும் நிற்கின்றாள். அவள் மாதரியின் மகள் ஐயை. கண்ணகியை அவள் அறிந்தது மதுரை ஆயர்பாடியில் இருந்த குறுகிய பொழுதே. அன்று கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்தபோது, வைக்கோலில் தீமூட்டி, கோவலன் இறுதியாக உண்ட உணவிற்கு அடுப்பெரித்தவள் அவளே.